குலசை வேடமும் விஆர்சாட் வேடமும்

திருச்செந்தூரிலிருந்து தெற்கே கடலோரமாகப் போனால் குலசேகரன்பட்டினம் வரும். முத்துக்குளித்துறையின் பழைய துறைமுகங்களில் ஒன்று. 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளம் அமைவதும் இந்த ஊரில்தான். ஆனால் தூத்துக்குடி, திருநெல்வேலிக்காரர்களுக்குக் குலசை என்றால் தசராதான். இங்குள்ள முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் காளியாக, ராஜாவாக, குறவன் குறத்தியாக, கரடியாக, போலீஸாக மாறி ஊர் ஊராகக் காணிக்கை எடுக்கிறார்கள்.

இதன் பக்கத்தில் விஆர்சாட்டை வைத்துப் பார்க்கலாம். கிரஹாம் கெய்லர், ஜெஸ்ஸி ஜவுட்ரி என்ற இருவர் தொடங்கிய இந்த மெய்நிகர் உலகம் 2017 பிப்ரவரியில் ஸ்டீம் தளத்தில் பொதுமக்களுக்குத் திறந்தது. நிறுவனம் தருவது பெரும்பாலும் மேடை மட்டுமே. அதில் உள்ள மதுக்கடை, மழை பெய்யும் மொட்டைமாடி, பேய் பங்களா எல்லாம் பயனர்கள் யூனிட்டி என்ற மென்பொருளில் கட்டி ஏற்றியவை. பிளெண்டர் என்ற மென்பொருளில் உருவம் செதுக்கி அதைப் போட்டுக்கொண்டு நடமாடுகிறார்கள். பெரும்பாலோருக்கு இது பொழுதுபோக்கு, கூலி கிடையாது.

பக்தியையும் விளையாட்டையும் ஒரே தராசில் வைக்கலாமா என்று கேட்கலாம். நம்பிக்கையை நான் நிறுக்கவில்லை. முகத்தை மாற்றிக்கொண்ட மனிதனை மற்றவர்கள் எப்படி நம்புகிறார்கள், எப்படிக் கட்டுப்படுத்துகிறார்கள் என்பதே என் கேள்வி.

கைவேலையில் இரண்டும் நெருங்கிய சொந்தம். காளி வேடத்துக்குச் சடைமுடி வேண்டும், கிரீடம் வேண்டும், கூடுதல் கைகள் வேண்டும், தொங்கும் நாக்கு வேண்டும். கடையில் வாங்கியதைத் தன் உடம்புக்கும் தன் ஊர்க் குழுவின் ரசனைக்கும் ஏற்ப வெட்டி ஒட்டித் திருத்துகிறார்கள். விஆர்சாட்டிலும் அப்படித்தான். விலைக்கு வாங்கிய உருவத்தின் முடியை மாற்றி, சட்டையை மாற்றி, வாலை நீட்டி, தனக்கென்று ஆக்கிக்கொள்கிறார்கள். கனத்துக்கும் கணக்கு உண்டு. பாரமான கிரீடம் கழுத்தை அழுத்தும். பாரமான உருவமோ பக்கத்தில் நிற்பவரின் கணினியைத் திணறடிக்கும். அதனால்தான் விஆர்சாட் ஒவ்வோர் உருவத்துக்கும் எடைத் தரம் போட்டுக் காட்டுகிறது.

வேடத்துக்குள் நுழையும் வாசலில்தான் பெரிய வேற்றுமை. குலசையில் முதலில் மாலை போட்டு விரதம் இருக்க வேண்டும். காளி வேடம் கட்டுகிறவர்களின் விரதம் மற்றவர்களுடையதைவிடக் கடுமை. கொடியேறிய பிறகு காப்பு கட்டுகிறார்கள், அதன் பிறகே வேடம். வேடம் போட்டவர் வீடு வீடாகப் போய்க் கை நீட்டியாக வேண்டும். சேர்ந்த காசு கோயில் உண்டியலுக்குப் போகிறது. காரில் வந்திறங்கும் முதலாளியும் பிச்சைக்காரர் வேடத்தில் தட்டேந்துவார். அந்த முகப்பூச்சுக்குப் பின்னால் இருப்பது யார் என்று அவர் ஊருக்கும் குழுவுக்கும் நன்றாகத் தெரியும். அதனால் வேடத்தில் வம்பு செய்தால் பழி வேடத்தைக் கலைத்த பிறகும் தொடரும்.

விஆர்சாட்டில் வாசலே இல்லை. ஒரு கணக்குத் தொடங்கினால் போதும், நினைத்த நிமிடத்தில் உருவம் மாற்றலாம். 2018 ஜனவரியில் ஒரே கேலிச் சித்திர உருவத்தை மாட்டிக்கொண்டு கூட்டம் கூட்டமாக வந்தவர்கள், ஆப்பிரிக்க உச்சரிப்பைக் கிண்டலடித்து மற்றவர்களைத் துரத்தினார்கள். அந்த ஆண்டிலேயே நிறுவனம் நம்பகத் தரவரிசையைக் கொண்டுவந்தது. பழகப் பழகத் தரம் உயரும், புதியவர்களின் உருவத்தையும் ஒலியையும் மற்றவர்கள் மறைத்துக்கொள்ளலாம். விரதம் செய்கிற வேலையில் ஒரு பங்கை நிரல் செய்ய முயன்றது என்பேன்.

அதற்காகக் குலசைக்கே முழு மதிப்பெண் போட்டுவிட மாட்டேன். ஊர் அறிந்த முகம் என்பது சிலருக்குப் பாதுகாப்பு, சிலருக்கு விலங்கு. தன் குரலையோ உடலையோ தெருவில் காட்டக் கூசுகிறவருக்கு, யாரும் ஊர் பேர் கேட்காத உலகம் மூச்சுவிட இடம் தருகிறது. குலசையில் ஊரோடு சாதியும் கூடவே வருகிறது. சாதி அடையாளக் கொடி, ரிப்பன்களோடு வரக் கூடாது என்று நிர்வாகம் அறிவிக்க வேண்டியிருக்கிறது என்றால், அவை வருகின்றன என்றுதானே பொருள்? தசரா நிகழ்ச்சிகளில் ஆபாச நடனம் கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொல்ல வேண்டிவந்ததும் நடந்திருக்கிறது.

வெளியிலிருந்து வரும் கட்டுப்பாடு விஆர்சாட்டிலும் உண்டு, ஆனால் முறையிட அங்கே நீதிமன்றம் இல்லை. 2022 ஜூலையில் நிறுவனம் மோசடித் தடுப்பு மென்பொருளைப் புகுத்தி, பயனர்கள் எழுதிச் சேர்த்திருந்த திருத்தங்கள் அத்தனையையும் முடக்கியது. காது கேளாதவர்கள் எழுத்தாகப் படிக்க உதவிய திருத்தங்களும் அதில் போயின. எதிர்ப்புக் கிளம்பியது, பலர் சில்லவுட்விஆர், நியோஸ்விஆர் என்ற வேறு மெய்நிகர் உலகங்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். பிறகு சில வசதிகளை நிறுவனம் தானே செய்து கொடுத்தது. தடையை மட்டும் நீக்கவில்லை.

குலசை வேடத்துக்கு முடிவுநாளும் உண்டு. பத்தாம் நாள் நள்ளிரவில் கடற்கரையில் சூரசம்ஹாரம். அங்கே சிங்க முகம், எருமை முகம், சேவல் என்று முகம் மாற்றி மாற்றி வருகிறவன் அசுரன், அம்மன் அல்ல. மறுநாள் காப்புக் களைந்தால் ராஜா மறுபடி லாரி ஓட்டுநர். விஆர்சாட்டில் வேடத்தைக் கழற்றச் சொல்ல எந்த நாளும் இல்லை. ஆனால் அந்த உலகமே ஒருநாள் இல்லாமல் போகலாம்.

ஆகவே என் தீர்ப்பு இது: மனிதரைக் கட்டுக்குள் வைப்பதில் குலசை முந்துகிறது, மனிதரைக் கட்டவிழ்ப்பதில் விஆர்சாட் முந்துகிறது, நிலைத்து நிற்பதில் குலசைக்கு விஆர்சாட் போட்டியே இல்லை. தசராக் குழு தன் கிரீடத்தைத் தன் வீட்டுப் பரணில் வைத்திருக்கிறது. மெய்நிகர் உலகம் கட்டும் நம்மூர்ப் பிள்ளைகளும் யூனிட்டிக் கோப்புகளைத் தங்கள் கைவசம் ஒரு படி வைத்துக்கொள்ளட்டும். விஆர்சாட்டைப் போன்றே இருந்த ஆல்ட்ஸ்பேஸ்விஆரை மைக்ரோசாஃப்ட் 2023 மார்ச் 10 அன்று மூடிவிட்டது.