ஆங்கிலத்தில் ‘ஆதல்’ வினைகளும் பெயர்ச்சொற்களும்: ஒரு வரலாறு

ஒன்று இன்னொன்றாக மாறுவதைச் சொல்லத் தமிழில் ‘ஆகு’ என்ற வினை பெரும்பாலும் போதுமானது. அவர் மருத்துவர் ஆனார், நீர் பனிக்கட்டி ஆனது, முகம் சிவப்பானது என்று எல்லா இடத்திலும் அது பொருந்தும். ஆங்கிலத்தில் இந்த வேலையை ‘பிகம்’, ‘டர்ன்’, ‘கோ’, ‘குரோ’, ‘கெட்’, ‘ஃபால்’ முதலிய பல வினைகள் பங்கிட்டுக்கொள்கின்றன. அகராதியில் இவை அனைத்துக்கும் ‘ஆகு’ என்ற பொருள் இருக்கும். ஆயினும் பெயர்ச்சொல்லுடன் சேரும்போது ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைக்க முடியாது. ‘ஷி பிகேம் எ டாக்டர்’ என்றால் அவள் மருத்துவர் ஆனாள் என்று பொருள். ‘ஷி காட் எ டாக்டர்’ என்றால் அவள் ஒரு மருத்துவரைத் தேடிப் பிடித்தாள் என்று பொருள். இந்த வேறுபாட்டுக்கான காரணம் ஆங்கில மொழியின் வரலாற்றில் உள்ளது.

மறைந்துபோன வினை

சுமார் 5-ஆம் நூற்றாண்டு முதல் 11-ஆம் நூற்றாண்டு வரை வழங்கிய பழைய ஆங்கிலத்தில் ‘ஆகு’ என்பதற்கு ‘வெயோர்தன்’ என்ற வினை இருந்தது. இன்றைய ஜெர்மன் மொழியின் ‘வெர்டன்’ இதன் உறவுச்சொல். இலத்தீனில் ‘திருப்பு’ எனப் பொருள்படும் ‘வெர்ட்டெரே’ என்ற சொல்லும், ‘வர்த்தமானம்’ என்பதில் காணப்படும் சமஸ்கிருத வேர்ச்சொல்லும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. திரும்புதல் என்பதே இவற்றின் அடிப்படைப் பொருள்.

‘வெயோர்தன்’ பெயர்ச்சொல்லோடும் பெயரடையோடும் வந்தது. செயப்பாட்டுவினை அமைக்கவும் உதவியது. ஜெர்மனில் அதன் உறவுச்சொல் இன்றும் இந்த வேலைகளைச் செய்கிறது. ஆங்கிலத்திலோ 1066-இல் நடந்த நார்மன் படையெடுப்புக்குப் பிந்தைய இடைக்கால ஆங்கிலத்தில் இவ்வினை படிப்படியாகத் தேய்ந்து மறைந்தது. ‘கேடு வரட்டும்’ என்ற பொருளுடைய ‘வோ வொர்த்’ என்னும் பழந்தொடரில் மட்டும் அதன் எச்சம் காணப்படுகிறது. 1611-இல் வெளியான ஆங்கில விவிலியத்தில் இத்தொடர் இடம்பெற்றுள்ளது. விலைமதிப்பைக் குறிக்கும் இன்றைய ‘வொர்த்’ பொருளால் வேறான சொல்.

‘பிகம்’ வந்த வழி

காலியான இடத்தைப் பெருமளவில் நிரப்பியது ‘பிகம்’. இதன் பழைய வடிவமான ‘பெகுமன்’ என்பதற்கு ‘ஓரிடத்தை வந்தடை’, ‘நேரிடு’ என்பனவே பொருள். ஓர் இடத்தை அடைதல் என்பது காலப்போக்கில் ஒரு நிலையை அடைதல் என்று விரிந்தது. இலத்தீனில் ‘வந்து சேர்’ என்ற பொருளுடைய ஒரு வினையிலிருந்து பிறந்த பிரெஞ்சு ‘தெவெனிர்’ என்பதும் இதே வழியில் ‘ஆகு’ என்ற பொருளைப் பெற்றது. ‘பிகம்’ என்பதன் உறவுச்சொல்லான ஜெர்மன் ‘பெகொம்மன்’ வேறு திசையில் சென்று ‘பெறு’ எனப் பொருள்படுகிறது.

‘வந்தடை’ என்ற பழைய பொருளை ‘பிகம்’ இழந்துவிட்டது. ஒரு நிறமோ உடையோ ஒருவருக்குப் பொருந்துகிறது என்று சொல்லும் அருகிய வழக்கைத் தவிர, அதற்கு இன்று ‘ஆகு’ என்ற பொருளே உண்டு. எனவே அதன் பின் வரும் பெயர்ச்சொல்லைச் செயப்படுபொருளாகக் கொள்ளும் குழப்பம் எழுவதில்லை. ‘டாக்டர்’ என்ற பெயரும் ‘ஆங்ரி’ என்ற பெயரடையும் அதனுடன் தடையின்றிச் சேர்கின்றன.

பழைய பொருளை விடாத வினைகள்

மற்ற வினைகளின் நிலை வேறு. ‘குரோ’ முதலில் செடிகொடிகள் தழைப்பதைக் குறித்தது. ‘கெட்’ வட ஐரோப்பியரின் நோர்ஸ் மொழியிலிருந்து வந்தது. அதன் பொருள் ‘பெறு’. ‘கோ’ என்பது ‘செல்’. இவை மாற்றத்தைக் குறிக்கத் தொடங்கிய பின்னரும் பழைய பொருளைக் கைவிடவில்லை. ஆகவே இவற்றின் பின் ஒரு பெயர்ச்சொல் வந்தால் பழைய பொருளே முந்திக்கொள்கிறது. ‘குரோ எ ட்ரீ’ என்றால் மரம் வளர்த்தல். மரமாக மாறுதல் அன்று. ‘கோ எ மைல்’ என்றால் ஒரு மைல் தூரம் செல்லுதல். பெயரடை செயப்படுபொருளாக வர இயலாது என்பதால் அங்கே குழப்பம் இல்லை. முதுமை அடைவதைக் ‘குரோ ஓல்ட்’ என்றும், களைப்படைவதைக் ‘கெட் டயர்ட்’ என்றும் சொல்லலாம்.

‘கோ’ பெரும்பாலும் விரும்பத்தகாத மாற்றத்துக்கே வருகிறது. ‘கோ பிளைண்ட்’ பார்வை இழத்தல். ‘கோ பேங்க்ரப்ட்’ திவாலாதல். பால் கெட்டதைக் குறிக்கும் ‘வென்ட் பேட்’ என்பதற்கும் தமிழில் ‘கெட்டுப்போனது’ என்பதற்கும் உள்ள ஒற்றுமை கவனிக்கத்தக்கது. இரு மொழிகளிலும் ‘போ’ என்ற வினையே கேட்டைக் குறிக்கிறது.

‘டர்ன்’ என்னும் இடைநிலை

‘டர்ன்’ இலத்தீனில் கடைசல் இயந்திரத்தைக் குறித்த சொல்லின் வழி வந்தது. திரும்புதல் என்ற வேர்ப்பொருள் கொண்ட வினையை இழந்த ஆங்கிலம், வேறொரு சொல்லின் மூலம் மீண்டும் திரும்புதலிலிருந்தே ஆதலைப் பெற்றது எனலாம்.

இவ்வினை பெயர்ச்சொல்லை ஏற்கும். ஆனால் இரண்டு வழிகளில் மட்டுமே. முதலாவது, ‘எ’ என்ற ஆர்ட்டிகிள் இல்லாத பெயர். ‘டர்ன் டிரெய்ட்டர்’ என்றால் துரோகி ஆதல். இஸ்லாமுக்கு மாறுவதை அக்கால ஆங்கிலேயர் ‘டர்ன் டர்க்’ என்றனர். ராபர்ட் டேபோர்ன் எழுதி 1612-இல் அச்சான நாடகத்தின் தலைப்பிலேயே இவ்வழக்கு உள்ளது. நடிகராக இருந்து அரசியலுக்கு வந்தவரை இன்றைய செய்தித்தாள்கள் ‘ஆக்டர் டர்ன்ட் பொலிட்டிஷன்’ என எழுதுவதும் இதே அமைப்பு. ‘எ’ இல்லாத பெயர் ஒரு தனிப்பொருளைச் சுட்டாமல் ஒரு தன்மையைச் சுட்டுகிறது. அதனால் பெயரடை போல இயங்குகிறது. பலியாதலைக் குறிக்கும் ‘ஃபால் விக்டிம்’, இரையாதலைக் குறிக்கும் ‘ஃபால் பிரே’ ஆகியவையும் இவ்வகையே.

இரண்டாவது வழி, இடையில் ‘இன்டு’ அல்லது ‘டு’ சேர்ப்பது. புழு பட்டாம்பூச்சியாக மாறியதை ‘டர்ன்ட் இன்டு எ பட்டர்ஃபிளை’ என்பர். ‘குரோ இன்டு’, ‘சேஞ்ச் இன்டு’, ‘டெவலப் இன்டு’ என்பனவும் அவ்வாறே அமைந்தவை. இடைச்சொல் வந்தவுடன் பெயர் செயப்படுபொருள் அன்று என்பது தெளிவாகிறது.

இன்றைய வழக்கு

‘மேக்’ மட்டும் விலக்காக நிற்கிறது. ‘ஷி வில் மேக் எ குட் டீச்சர்’ என்றால் அவள் நல்ல ஆசிரியராக விளங்குவாள் என்று பொருள். இங்கே வினை தகுதியைச் சுட்டுகிறது; பொருளைச் சூழலே தெளிவாக்குகிறது. எதிர்கால விருப்பத்தைச் சொல்ல ‘வாண்ட் டு பி எ டாக்டர்’ என்று ‘பி’ வினையையே பயன்படுத்துவது இயல்பு.

ஆர்ட்டிகிளிலும் கவனம் தேவை. தொழிலைச் சொல்லும்போது ‘பிகேம் எ டீச்சர்’ என ‘எ’ வர வேண்டும். ஒருவர் மட்டுமே வகிக்கும் பதவிக்கு ‘பிகேம் பிரசிடென்ட்’ என அது இல்லாமலும் வரலாம்.

ஆகவே, மாற்றவினையின் பின் பெயர்ச்சொல்லை எழுதும்முன், அவ்வினையின் பழைய பொருள் இன்னும் வழக்கில் உள்ளதா என்று பார்ப்பது பயன் தரும். அது வழக்கில் இருந்தால் பெயர் பெரும்பாலும் செயப்படுபொருளாகவே படிக்கப்படும். அவ்விடத்தில் ‘பிகம்’ அல்லது ‘இன்டு’ சேர்ந்த தொடரே பொருந்தும்.