பழைய ஒயினும் நம் சோழமண்டலக் கரையும்



தென்னாப்பிரிக்க வெள்ளை ஒயினைப் பல ஆண்டு பழையது என்று சொல்லிச் சேகரிப்பாளர்களுக்கு நல்ல விலைக்கு விற்கிறார்கள். அப்படி என்ன இருக்கிறது அதில் என்று வெளிநாட்டில் இருக்கும் மாணவர் ஒருவர் கேட்டிருந்தார். சுவையைப் பற்றிப் பேச நான் ஆள் இல்லை. சரித்திரம் சொல்கிறேன்.

வெள்ளை ஒயினில் பெரும்பகுதி ஓரிரு ஆண்டுக்குள் குடித்துவிட வேண்டியது. சில வகைதான் தாங்கும். செமியோன், சாவிஞோன் பிளாங்க் என்ற இரண்டு திராட்சைகளைக் கலந்து செய்வது அதில் ஒன்று. சாவிஞோனின் புளிப்பு கெடாமல் காக்கும். செமியோன் நாளாக நாளாகப் பொன்னிறமாகித் தேன் மணம் தரும். கேப் பகுதிக்குச் செமியோன் புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கிருந்த கொடிகளில் பத்துக்கு ஒன்பது அதுதான். 'பச்சைத் திராட்சை' என்றே சொல்வார்களாம்.

அந்தத் தோட்டங்கள் எப்படி வந்தன? 1652இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக யான் ஃபான் ரீபெக் கேப்பில் இறங்கினார். ஆசியாவுக்குப் போகும் கப்பல்களுக்குத் தண்ணீரும் காய்கறியும் கொடுக்க ஓர் இடம் வேண்டியிருந்தது. 1655இல் கொடி நட்டார்கள். 1659 பிப்ரவரி 2ஆம் தேதி முதல் ஒயின் பிழிந்ததை ரீபெக் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். பிறகு கேப்பின் தலைவராக வந்த சைமன் ஃபான் டெர் ஸ்டெல், 1685இல் கான்ஸ்டான்ஷியா பண்ணையைப் பெற்றார். அங்கே விளைந்த இனிப்பு ஒயின், பிற்காலத்தில் செயின்ட் ஹெலினா தீவில் காவலில் இருந்த நெப்போலியனுக்கே போனது.

பாடப்புத்தகம் இதோடு நின்றுவிடும். மண்வெட்டி பிடித்தது யார் என்று கேளுங்கள்.

1652 முதல் 1808 வரை கேப்புக்குக் கொண்டுவரப்பட்ட அடிமைகள் சுமார் 63,000 பேர். அதில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் இந்தியாவிலிருந்து போனவர்கள்: வங்காளம், மலபார், நம் சோழமண்டலக் கரை. மற்றவர்கள் மடகாஸ்கர், கிழக்கு ஆப்பிரிக்கா, இந்தோனேசியத் தீவுகளிலிருந்து வந்தவர்கள். சொந்தப் பெயரை எடுத்துவிட்டு வேறு பெயர் வைத்து, எந்தக் கரையிலிருந்து வந்தார்களோ அதைப் பின்னால் ஒட்டினார்கள். சிலருக்கு மாதத்தின் பெயர். 'செப்டம்பர்' என்ற குடும்பப் பெயர் அங்கே இன்றும் உண்டு. பண்ணை வாங்கிய சைமனின் தாய்வழிப் பாட்டியும், மோனிக்கா என்ற பெயர் கொண்ட, விடுதலை பெற்ற இந்திய அடிமைப் பெண்தான். அப்படியிருந்தும் அவர் அடிமைகளை வைத்திருந்தார்.

1834இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. 'தொழில் பழகுநர்' என்ற பெயரில் இன்னும் நான்கு வருடம் கட்டிவைத்தார்கள். அதன் பிறகும் கூலியில் ஒரு பகுதியை மட்டமான ஒயினாகவே கொடுக்கும் 'டாப்' என்ற வழக்கம் இருந்தது. 1960களில் சட்டம் தடுத்த பிறகும் பல பண்ணைகளில் அது தொடர்ந்தது. தாய்மார்களின் குடியால் கருவிலேயே பாதிக்கப்பட்ட குழந்தைகள் அந்தப் பகுதியில் இன்றும் மிக அதிகம்.

இப்போது 35 ஆண்டு தாண்டிய தோட்டங்களின் ஒயினுக்குத் தனி முத்திரை, கொடி நட்ட ஆண்டோடு ஒட்டுகிறார்கள். நல்ல பழக்கம்தான். நட்டவர்களின் சொந்தப் பெயர்கள்தாம் பெரும்பாலும் கிடைக்காமல் போய்விட்டன.

உங்களில் ஆசிரியர்களாக இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். டச்சுக்காரர் பாடம் நடத்தும்போது பழவேற்காடு, நாகப்பட்டினம், துணி ஏற்றுமதி என்று முடித்துவிடாதீர்கள். ஆட்களும் கப்பல் ஏறினார்கள் என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லுங்கள்.