எழும்பூர்ப் பள்ளியும் பாடத்தில் இல்லாத பாடங்களும்

சென்னை பெரியார் ஈ.வெ.ரா. சாலையில், எழும்பூர் பக்கம் இருக்கும் அரசு கவின் கலைக் கல்லூரியைத் தாண்டித் தினமும் எத்தனையோ ஆயிரம் பேர் பஸ்ஸில் போகிறார்கள். உள்ளே எட்டிப் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான். 1850இல் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் கைக்காசு போட்டுத் தொடங்கிய ஓவியப் பள்ளி இது. ஐந்தே ஆண்டுகளில் அரசாங்கம் அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. ரவிவர்மாக்களை உருவாக்கும் எண்ணமெல்லாம் அரசாங்கத்துக்கு இல்லை. அளவு பிசகாமல் கோடு போடவும், மரம் செதுக்கவும், மண்ணும் உலோகமும் வனையவும் தெரிந்த கைகள் வேண்டும், அவ்வளவுதான்.

அந்த நோக்கம் எவ்வளவு தூரம் போயிற்று என்பதற்கு ஒரு சான்று. 1898 வாக்கில் பள்ளிப் பொறுப்பில் இருந்த ஆல்ஃப்ரட் சாட்டர்டன், பட்டறையில் அலுமினியப் பாத்திரம் செய்து பார்க்கத் தொடங்கினார். அது நன்றாகவே ஓடியது. 1903இல் தனி கம்பெனியாகவே பிரிந்து போனது. நம் பாட்டிமார் அடுப்படிக்கு அலுமினியம் வந்து சேர்ந்த கதையில் ஓவியப் பள்ளிக்கும் பங்கு உண்டு என்றால் இன்று யார் நம்புவார்கள்?

இப்படிப்பட்ட இடத்திலிருந்து, அறுபது எழுபது ஆண்டுகள் கழித்து, இந்திய நவீன ஓவியத்தில் 'மெட்ராஸ் இயக்கம்' என்று தனிப் பெயர் வாங்கிய ஒரு கூட்டம் கிளம்பியது. எப்படி? பாடத்திட்டத்தைப் புரட்டினால் விடை கிடைக்காது. அங்கே படித்த பிள்ளைகள் எதைப் பார்த்து மயங்கினார்கள், எதைப் பார்த்துச் சலித்தார்கள் என்று தேடினால் கிடைக்கும்.

1929இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி தலைமைக்கு வந்தார். வங்காளத்துக்காரர். ஓவியத்தில் அவனீந்திரநாத் தாகூரின் சீடர். சிலையில் மட்டும் முழுக்க மேல்நாட்டு வழி. சதையும் நரம்பும் முறுக்கிக்கொண்டு நிற்க வேண்டும் அவருக்கு. மெரினாவில் பாறையைப் புரட்டும் உழைப்பாளர் சிலை அவர் கைவேலைதான். பள்ளியின் இரவுக் காவலாளி ஒருவரும் மாணவர் ஒருவரும் அதற்கு மாதிரியாக நின்றார்கள் என்று சொல்வார்கள். குஸ்தியும் வேட்டையும் தெரிந்த முதல்வர் வகுப்புக்குள் வந்தால் பையன்கள் வெலவெலத்துப் போனதில் வியப்பில்லை.

அந்த வகுப்பில்தான் மயிலாப்பூர்ப் பையன் ஒருவர் வந்து சேர்ந்தார். பெயர் தனபால், 1919இல் பிறந்தவர். சேர்ந்தது ஓவியம் படிக்க. மனமோ நாட்டியத்திலும் கிடந்தது. முறையாக ஆடக் கற்றுக்கொண்டு மேடையும் ஏறினார். 1941இல் அதே பள்ளியில் ஆசிரியரானார். முதலில் வங்காள பாணியில் மென்மையான வண்ணங்கள். பிறகு தூரிகையைத் தள்ளி வைத்துவிட்டுக் களிமண்ணில் கை வைத்தார். அவருடைய சிலைகளைப் பார்ப்பவர்களுக்கு அந்தப் பழைய ஆட்டம் தெரியும். இடுப்பின் ஒரு சிறு சாய்வு, கழுத்தின் திருப்பம், எங்கே பாரம் இறங்குகிறது என்ற கணக்கு. குருவின் சிலைகள் தசையால் பேசின, சிஷ்யனின் சிலைகள் நிற்கும் விதத்தால் பேசின. பெரியாரை எதிரே உட்கார வைத்து அவர் வடித்த தலைச் சிலையில், தாடியும் நெற்றியும் ஒன்றோடொன்று இழுபறி செய்வதைப் பார்க்கலாம். நாட்டியம் கற்றுக்கொள்ளச் சொல்லி எந்தப் பள்ளியும் அவருக்கு மதிப்பெண் போடவில்லை.

பள்ளியிலிருந்து நடை தூரத்தில் அரசு அருங்காட்சியகம். 1851இல் தொடங்கியது, ஏறக்குறைய பள்ளியின் வயது. அங்கே அமராவதிச் சுண்ணாம்புக்கல் சிற்பங்கள், திருவாலங்காட்டு நடராசர், சோழர் காலச் செப்புத் திருமேனிகள் எல்லாம் இருந்தன. இருந்தாலும் நெடுங்காலம் மாணவனுக்கு வகுப்பில் கிடைத்தது கிரேக்கச் சிலைகளின் பிளாஸ்டர் வார்ப்புகள்தான். இத்தனைக்கும், அந்த நடராசரின் புகைப்படங்களைப் பார்த்தே சொக்கிப்போய்ப் பாரிசில் இருந்த சிற்பி ரோடின் 1913இல் பக்கம் பக்கமாக எழுதிவிட்டார். பக்கத்துத் தெருக்காரர்களுக்கு அது உறைக்க இன்னும் கொஞ்ச காலம் ஆயிற்று.

உறைக்க வைத்தவர்களில் முதல் ஆள் கே.சி.எஸ். பணிக்கர். கோவையில் 1911இல் பிறந்தவர். தந்தி இலாகா, இன்ஷூரன்ஸ் என்று சில வேலைகள் பார்த்துவிட்டு, இருபத்தைந்து வயதில் மாணவராகச் சேர்ந்தார். 1944இல் முற்போக்கு ஓவியர் சங்கம் தொடங்கினார், 1957இல் முதல்வரானார். ஐரோப்பா போய்ப் புது ஓவியங்களைப் பார்த்து வந்த பிறகு அவருக்கு வந்த கேள்வி: அவர்களைப் போலவே வரைவதற்கு நாம் எதற்கு? 1963இல் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையைத் தொடங்கினார். மலையாள எழுத்து, ஜாதகக் கட்டம், இயற்கணிதக் குறிகள் எல்லாம் கித்தான் முழுக்கப் பொடிப்பொடியாக. ஒரு மாணவனின் கணக்கு நோட்டைப் பார்த்ததுதான் பொறி என்று ஒரு கதை உண்டு. கதையோ நிஜமோ, அந்தப் படங்களைப் பார்த்தால் நம்பத் தோன்றுகிறது.

அதே பள்ளியில் படித்த பி.வி. ஜானகிராமின் கண் போனது கோயிலுக்கு. மூலவருக்குச் சாத்தும் கவசத்தைப் போலத் தாமிரத் தகட்டை வெட்டி, தட்டி, கம்பி வைத்துப் பற்றவைத்தார். சுற்றி வந்து பார்க்கத் தேவையில்லாத, எதிரே நின்று தரிசிக்கும்படியான சிற்பங்கள். சிற்பம் என்றால் நான்கு பக்கமும் உருண்டு திரண்டிருக்க வேண்டும் என்ற வகுப்புப் பாடத்தை அவர் அப்படித் தலைகீழாக்கினார்.

1960இல் துறையூர்ப் பக்கத்துக் கீரம்பூரிலிருந்து வந்து சேர்ந்தார் ஆதிமூலம். அவருக்குக் கோடுதான் எல்லாம். காந்தி நூற்றாண்டான 1969இல் அவர் வரைந்த காந்திக் கோட்டோவியங்களில் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று பத்தாகிக் குறுக்கும் நெடுக்கும் ஓட, கிழவர் அதற்குள்ளிருந்து எழுந்து நடக்கிறார். சிற்றிதழ்காரர்களோடு பழகியதால் அவர் கோடு அச்சுக்கும் வந்தது. புத்தக அட்டைகளில் அவர் எழுதிய தமிழ் எழுத்துகள் தனி அழகு. கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'யை ஜூனியர் விகடனில் வாசித்தவர்களுக்கு அந்தப் படங்கள் இன்றும் கண்ணில் நிற்கும். நவீன ஓவியம் தமிழ் வீட்டுக்குள் நுழைந்தது காட்சிக்கூடம் வழியாக அல்ல, வாரப் பத்திரிகை வழியாக என்று தயங்காமல் சொல்லலாம்.

எல்லாரும் இப்படியே போனார்களா என்றால், இல்லை. அதே பள்ளியில் 1959 முதல் 1965 வரை படித்த கோவைப் பக்கத்துப் பையன் ஒருவருக்குக் குறியீடும் அரூபமும் ஒத்துவரவில்லை. அவர் மகாபலிபுரம், தஞ்சாவூர், திருவண்ணாமலை, மதுரை என்று ஊர் ஊராகப் போய், கோபுரத்தின் எதிரே உட்கார்ந்து, வெயில் நகர நகர நீர்வண்ணத்தில் வரைந்தார். வெளிச்சம் மாறிவிட்டால் படம் போச்சு. நீர்வண்ணத்தில் அழித்து எழுத முடியாது. படிப்பு முடிந்த அதே 1965இல் 'காக்கும் கரங்கள்' படத்தில் நடிக்க வந்துவிட்டார். ஆம், நடிகர் சிவகுமார்தான். ஒரே கட்டடம், ஒரே ஆசிரியர்கள். ஒருவருக்குக் கோபுரம் தத்ரூபமாக வேண்டியிருந்தது, இன்னொருவருக்குக் கோபுரத்தின் கோடு மட்டும் போதுமாயிருந்தது. இரண்டு பேரையும் அந்தப் பள்ளி விட்டுப்பிடித்தது. அதன் பெரிய குணமே அதுதான்.

படித்துவிட்டு வெளியே வந்தவனுக்குச் சோறு? பத்திக் துணி விற்றார்கள். மெழுகு பூசிச் சாயம் தோய்க்கும் அந்த வேலையில் சேர்ந்த பணத்தைப் போட்டு, பணிக்கர் தலைமையில் முப்பது பேருக்கு மேல் சேர்ந்து, 1966இல் ஈஞ்சம்பாக்கம் கடற்கரையோரம் நிலம் வாங்கினார்கள். சோழமண்டலம் ஓவியர் கிராமம் அப்படி எழுந்தது. கைத்தொழில் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய பள்ளியின் பிள்ளைகளைக் கடைசியில் காப்பாற்றியதும் கைத்தொழில்தான் என்பது ஹண்டருக்குத் தெரிந்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

சோழமண்டலத்தில் இன்று ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் அடுத்த முறை முதலைப் பண்ணைக்குப் போகும் வழியில் அங்கேயும் வண்டியை நிறுத்துங்கள். கூட வரும் பிள்ளைகளிடம் எது பிடித்தது என்று மட்டும் கேளுங்கள். விளக்கம் சொல்ல முந்தாதீர்கள்.