மண்ணைக் கவ்வுதல்: 'பைட் த டஸ்ட்' எங்கிருந்து வந்தது?

குச்சவெளியில் இருக்கும் என் அக்காவின் மகள் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். ஆங்கிலம் என்றால்தான் அவளுக்குப் பயம். போன கிழமை ஒரு பயிற்சித் தாளுடன் வந்து நின்றாள். கிரிக்கெட் பற்றிய பந்தி. தோற்ற அணியைச் சொல்லும் இடத்தில் 'பைட் த டஸ்ட்' என்று இருந்தது.

"மாமா, இவங்கள் ஏன் தூசியைக் கடிக்கிறாங்கள்?"

"மண்ணைக் கவ்வினாங்கள் எண்டு எழுது பிள்ளை" என்றேன். நல்ல பொருத்தமான தமிழ் அகப்பட்ட சந்தோசம் எனக்கு. குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்த அக்கா தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "உந்தச் சொல்லை அவளுக்குப் பழக்காத."

1990இல் எங்கள் பெரியண்ணன் கடற்கரை மணலில் முகங்குப்புறக் கிடந்ததை முதலில் கண்டவள் அக்கா. அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. அவனுடைய வாயிலிருந்த மண்ணைத் துடைத்ததும் அவள்தான். அதன் பிறகு அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. நான்தான் மறந்துவிட்டேன்.

பிறகு யோசித்துப் பார்த்தால், அந்தச் சொல்லின் பழைய கருத்து அக்காவுக்குத்தான் தெரிந்திருக்கிறது. இன்று அணி தோற்றாலும், கட்சி தோற்றாலும், கடை பூட்டுப்பட்டாலும், வள்ளத்தின் இஞ்சின் ஒரேயடியாக நின்றாலும் ஆங்கிலத்தில் 'பைட் த டஸ்ட்' என்பார்கள். தொடக்கத்தில் அதன் கருத்து சாவு. போர்க்களத்தில் வெட்டுப்பட்டவன் குப்புற விழுகிறான், அவனுடைய பல்லில் மண் படுகிறது. அவ்வளவுதான் படம்.

அந்தப் படம் ஆங்கிலத்தை விட மிகவும் பழையது. ஏறத்தாழ 2,700 ஆண்டுகளுக்கு முந்திய கிரேக்க காவியமான இலியட்டில், துரோய் நகரத்தின் மீது படையெடுத்த அகமெம்னோன் கடவுளை வேண்டுகிறான்: எதிரி ஹெக்டரின் தோழர்கள் புழுதியில் விழுந்து மண்ணைப் பல்லால் பற்ற வேண்டுமாம். ரோமக் கவிஞர் வேர்ஜிலின் ஈனியிட்டிலும் இது வருகிறது. ஆங்கிலத்தில் இன்றுள்ள வடிவம் 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ரொபயஸ் ஸ்மொலற் செய்த ஒரு பிரெஞ்சு நாவலின் மொழிபெயர்ப்பில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் இலியட்டை மொழிபெயர்த்தவர்கள் அதை எடுத்தாண்டார்கள். பிறகு குதிரையும் துப்பாக்கியுமான அமெரிக்கச் சினிமாப் படங்கள். 1980இல் குயீன் இசைக்குழுவின் பாட்டு ஒன்று இதையே பல்லவியாக்கி உலகமெங்கும் ஒலித்தது. இப்படித்தான் சாவு கழன்று, தோல்வி மட்டும் மிஞ்சியது.

வேதாகமத்தின் 72ஆம் சங்கீதத்தில் எதிரிகள் மண்ணை நக்குவதாக வருவதையும் சிலர் இதற்கு மூலமாகக் காட்டுவார்கள். அது வேறு என்பது என் எண்ணம். அங்கே அவர்கள் அரசனுக்கு முன்னால் பணிந்து கிடக்கிறார்கள், சாகவில்லை.

பிரெஞ்சுக்காரரும் ஸ்பானியரும் நேராகவே புழுதியைக் கடிப்பதாகச் சொல்வார்கள். ஜேர்மன்காரர் புல்லைக் கடிப்பார்கள். அவர்களிடம் அது இன்றைக்கும் சாவுதான். ஜேர்மனியில் இருக்கும் எங்கள் சொந்தக்காரர் இதைத் தோல்வி என்று நினைத்துப் பேசிவிடக் கூடாது.

தமிழில் தோல்விக்குச் சொற்கள் தாராளம். கவனமில்லாமல் இழந்தால் 'கோட்டை விட்டான்' என்போம். திருகோணமலைக்காரருக்கு இதற்கு விளக்கமே தேவையில்லை. 1782 ஜனவரியில் ஒல்லாந்தர் எங்கள் கோட்டையை ஆங்கிலேயரிடம் விட்டார்கள். அதே ஆண்டு ஓகஸ்டில் ஆங்கிலேயர் அதைப் பிரெஞ்சுத் தளபதி சுவ்ரெனிடம் விட்டார்கள். தோற்றும் ஒப்புக்கொள்ளாதவனுக்கு 'குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை.' பிழைப்புப் போனால் 'வாயில் மண் விழுந்தது.' கரைவலைக்காரர் கடலுக்குப் போக முடியாதிருந்த ஆண்டுகளில் இங்கே அதிகம் கேட்டது இதுதான். தாங்க முடியாத அநியாயம் நடந்தால் பெண்கள் மண்ணை அள்ளித் தூற்றுவார்கள்.

கவனித்துப் பாருங்கள், ஆங்கிலத்தில் 'டஸ்ட்' வெறும் தூசி. தட்டினால் போய்விடும். தமிழில் அந்த இடத்தில் மண் நிற்கிறது. அதே சொல்தான் எங்களுக்குக் காணியும், பிறந்த ஊரும். அதனால்தான் இரண்டு தொடரும் ஒரே பொருளைச் சொன்னாலும், ஒரே பாரத்தைச் சுமக்கவில்லை. ஒரு பத்திரிகையாளர் 'எதிரணி மண்ணைக் கவ்வியது' என்று தலைப்புப் போடும்போது அது விளையாட்டுச் செய்தி. மண்ணுக்காகச் செத்தவர்கள் இருக்கிற வீட்டில் அந்தத் தலைப்பை வாசிக்கிறவருக்கு அப்படி இருக்காது.

மருமகளிடம் சோதனைக்குத் தேவையானதை மட்டும் சொன்னேன்: இறந்தகாலத்தில் 'பிற்' என்று மாறும், பேச்சுவழக்குத் தொடர், கடிதத்திலும் விண்ணப்பத்திலும் எழுதக் கூடாது, செத்தவரைப் பற்றி ஒருபோதும் சொல்லக் கூடாது, அது கேலியாகிவிடும்.

அவள் அழிறப்பரை எடுத்து, நான் சொன்னதை அழித்துவிட்டு, வரிக்கு மேலே பென்சிலால் 'தோற்றுப் போனார்கள்' என்று எழுதினாள். குசினியிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அடுத்த பந்தியில் 'கிக் த பக்கெற்' என்று ஒன்று இருந்தது. தாளை மடித்து வைத்துவிட்டு, அதை நாளைக்குப் பார்ப்போம் என்றேன்.