பூச்சா, குளிசையா? உதட்டுக் கொப்புளமும் ஊவாவின் மலைவேலையும்

ஆடி, ஆவணி மாதங்களில் தென்மேல் பருவக்காற்று மத்திய மலைகளின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரமிழந்த கச்சானாக ஊவாவுக்குள் இறங்குகிறது. பதுளை, பசறை, ஹாலிஎல, அப்புத்தளைப் பக்கத்துத் தேயிலைக்கு உலகம் விலை கொடுக்கும் வாசனை ஏறுவது அப்போதுதான். அதே காற்றும் வெயிலும் கொழுந்து எடுப்பவர்களின் உதட்டைக் காயவைத்து வெடிக்க வைக்கின்றன. கடல் மட்டத்திலிருந்து 1,000 மீற்றர் ஏறினால் புற ஊதாக்கதிரின் வலிமை சுமார் 10 சதவீதம் கூடும். அப்புத்தளை 1,400 மீற்றருக்கும் மேலே இருக்கிறது. காலையிலிருந்து மாலைவரை நிழலில்லாத மலையில் நிற்பவர்களுக்கு இந்தக் கணக்கு முகத்திலேயே தெரியும்.

வெயில், காய்ச்சல், உடற்களைப்பு, மாதவிலக்கு, மனக்கவலை ஆகியவை உதட்டுக் கொப்புளத்தைக் கிளப்பிவிடும் காரணங்கள். நோயைத் தருவது ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் முதலாம் வகை வைரஸ். பெரும்பாலும் சிறுவயதில் உடம்புக்குள் வந்து, முகத்து நரம்பின் முடிச்சில் தங்கிவிடும். பிறகு ஆயுள் முழுதும் போகாது. உலகில் 50 வயதுக்குக் குறைந்தவர்களில் ஏறக்குறைய 64 சதவீதத்தினரிடம் இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. ஆகவே இதில் வெட்கப்பட எதுவுமில்லை. உடம்புச் சூடு என்றோ பூச்சி கடித்தது என்றோ சொல்லி மறைக்கவும் வேண்டியதில்லை.

மருந்து என்று பார்த்தால் பூச்சிலும் குளிசையிலும் இருப்பது ஒன்றே: அசைக்ளோவிர். பரோஸ் வெல்கம் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் 1970களில் உருவான மருந்து இது. அந்த ஆய்வுகளுக்குத் தலைமை தாங்கிய கெர்ட்ரூட் எலியன் 1988 இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். வைரஸ் தன் தேவைக்காக உற்பத்தி செய்யும் ஒரு நொதியே இம்மருந்தைச் செயற்பட வைக்கிறது. அதனால் வைரஸ் புகுந்த செல்லில்தான் மருந்து வேலை செய்யும். நல்ல செல்லுக்குப் பெரிய தீங்கில்லை. ஆனால் வைரஸ் பெருகிக்கொண்டிருக்கும்போது மட்டுமே அதற்கு வேலை உண்டு. நரம்பில் உறங்குவதை அதனால் தொட முடியாது. பொருக்குத் தட்டிய பிறகு தடுப்பதற்கும் அதிகம் மிஞ்சியிருக்காது.

முதலில் பூச்சு. 5 சதவீத அசைக்ளோவிர் கிறீமை நாளைக்கு ஐந்து முறை, நான்கு அல்லது ஐந்து நாள் பூச வேண்டும். 2002 இல் வெளியான இரண்டு பெரிய சோதனைகளில், வெறும் கிறீம் பூசியவர்களைவிட மருந்துக் கிறீம் பூசியவர்களுக்குப் புண் ஆறியது ஏறக்குறைய அரை நாள் முன்னதாக. எழும்பவிருந்த கொப்புளம் எழும்பாமல் நின்றுவிடவில்லை. மருந்தே இல்லாமல் ஏழு முதல் பத்து நாளில் ஆறிவிடும் புண்ணில் அரை நாள் என்பது சிறிய இலாபம். விளம்பரத்தில் கேட்பதற்கும் இதற்கும் தூரம் அதிகம்.

அந்தச் சிறிய இலாபமும் ஐந்து முறை ஒழுங்காகப் பூசினால்தான். பெரட்டு முடிந்து மலைக்கு ஏறும் ஒரு பெண்ணின் நாளை எண்ணிப் பாருங்கள். கொழுந்துக் கறை படிந்த கையைக் கழுவ மலையில் குழாய் இல்லை. தேத்தண்ணி குடிக்கும்போது பூசியதில் பாதி போய்விடும். வெற்றிலை போட்டால் மீதியும் சாற்றோடு போகும். மழையோ வியர்வையோ வேறு. கழுவாத விரலால் தொட்டால் புண்ணில் அழுக்குச் சேரும்; தொட்ட விரலைக் கண்ணில் வைத்தால் வைரஸ் கண்ணுக்கும் போகலாம். அலுவலக மேசையில் டியூபை வைத்துக்கொண்டு, பக்கத்துக் குழாயில் கைகழுவக் கூடியவருக்கு இந்த முறை பொருந்தலாம். மலையில் நிற்பவருக்கு அதைக் கடைப்பிடிப்பது மிகக் கடினம்.

குளிசைக்கு வருவோம். விழுங்கிய அசைக்ளோவிரில் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான் இரத்தத்தில் சேர்கிறது. ஆனாலும் சேர்ந்தது உள்ளிருந்தே தோலின் அடியடுக்குக்குப் போய்விடுகிறது. வெற்றிலையும் வியர்வையும் அதை அழிக்காது. 1990 இல் வெளியான ஆய்வொன்றில் 400 மில்லிகிராம் குளிசையை நாளைக்கு ஐந்து முறை ஐந்து நாள் கொடுத்தார்கள். விறுவிறுப்போ சிவப்போ தோன்றியவுடனே தொடங்கியவர்களுக்கு வலி இருந்த காலம் மூன்றில் ஒரு பங்குக்கு மேலும், பொருக்கு உதிரும் காலம் கால் பங்குக்கு மேலும் குறைந்தன. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அசைக்ளோவிர் குளிசை இருக்கிறது, திரவம் இருக்கிறது, ஊசி இருக்கிறது, கண்ணுக்கான களிம்புகூட இருக்கிறது. உதட்டில் பூசும் கிறீம் இல்லை.

அசைக்ளோவிரின் வழிவந்த வாலாசைக்ளோவிர் குளிசை இன்னும் எளிது. 2 கிராம், பன்னிரண்டு மணிநேரம் விட்டு மீண்டும் 2 கிராம்; சிகிச்சை ஒரே நாளில் முடிந்துவிடும். கொப்புளத்தின் காலம் ஏறக்குறைய ஒரு நாள் குறையும். பெரட்டுக்குப் போகுமுன் லயத்தில் ஒரு வேளை அளவு, இரவுச் சோற்றுக்குப் பிறகு மறு வேளை அளவு என எடுத்துவிடலாம். மலைவேலையின் நேர ஒழுங்கோடு மோதாத சிகிச்சை இது ஒன்றுதான் என்பேன்.

அதற்காகக் கிறீமைத் தள்ளிவிடவும் முடியாது. இதே பதுளை மாவட்டத்தின் கீழ்ப்பகுதியில், கிராந்துருக்கோட்டைப் பக்கத்தில், காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் பரவலாக உண்டு. அசைக்ளோவிர் உடம்பை விட்டு வெளியேறுவது சிறுநீரகத்தின் வழியாகவே. சிறுநீரகம் தளர்ந்தவருக்கு வழமையான அளவில் குளிசை கொடுத்தால் மருந்து இரத்தத்தில் தேங்கி, சித்தம் தடுமாறும் நிலைகூட வரலாம். மேலே சொன்ன அளவுகள் ஆரோக்கியமான பெரியவர்களுக்கானவை; சிறுநீரக நோயுள்ளவர்களுக்கு டொக்டர்தான் அளவைக் குறைத்துத் தர வேண்டும். கிறீமோ தோலுக்குள் மிகக் கொஞ்சமே இறங்குவதால் அந்தப் பயம் அனேகமாக இல்லை. எப்போதாவது ஒரு முறை, ஒரு சிறிய கொப்புளம் வருபவருக்கும் கிறீம் போதும்.

குழந்தைகள் விடயத்தில் எனக்கு இரண்டு மனம் இல்லை. வைரஸ் முதன்முறை வரும்போது சில குழந்தைகளுக்கு வாய் முழுக்கப் புண்ணாகி, காய்ச்சல் அடித்து, பால்கூட இறங்காமல் போகும். அங்கே கிறீமுக்கு இடமில்லை. அது உதட்டின் வெளிப்புறத்துக்கு மட்டுமான மருந்து. 1997 இல் வெளியான ஆய்வு ஒன்றில், முதல் மூன்று நாளுக்குள் அசைக்ளோவிர் திரவம் கொடுக்கப்பட்ட சிறுவர்களுக்குப் புண் நான்கு நாளில் ஆறியது; கொடுக்கப்படாதவர்களுக்குப் பத்து நாள் ஆனது. பச்சைக் குழந்தைக்கோ இந்த வைரஸ் உயிராபத்து. உதட்டில் கொப்புளம் உள்ளவர் யாராக இருந்தாலும், தாயாக இருந்தாலும், குழந்தையை முத்தமிடக் கூடாது. பிள்ளைக் காம்பிராவில் வேலை செய்பவர்களும் இதை அறிந்திருக்க வேண்டும். கண் சிவந்து வலித்தால் பதுளை ஆஸ்பத்திரிக்கு அன்றே போக வேண்டும். தோலுக்கான கிறீமைக் கண்ணில் போடவே கூடாது.

இன்னொன்று என்னை அதிகம் வருத்துகிறது. வீட்டில் கிடக்கும் ஏதாவதொரு டியூபை எடுத்துப் பூசுவது. அது பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீரொய்ட் கிறீமாக இருந்தால், அந்த இடத்தின் எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைரசுக்கு வழிவிடும். வாயின் இரு மூலையிலும் வெடித்துப் புண்ணாவது வேறு நோய். அதற்கு இரத்தச்சோகையோ விற்றமின் குறைவோ பூஞ்சணமோ காரணமாக இருக்கலாம். அதற்கு அசைக்ளோவிர் எத்தனை டியூப் பூசினாலும் பயனில்லை. கன்னத்தின் உட்புறத்தில் வரும் வெள்ளைப் புண்ணுக்கும் அப்படியே.

இரண்டு மருந்துக்கும் பொதுவான நிபந்தனை நேரம். விறுவிறுப்புத் தொடங்கிய முதல் மணிநேரங்களில் மருந்து கையில் இருக்க வேண்டும். தோட்டத்திலிருந்து பதுளைக்கோ பண்டாரவளைக்கோ பஸ் ஏறிப் பாமசிக்குப் போய் வந்தால் அன்றைய பேர் போகும். 2024 இல் நிர்ணயமான அடிப்படை நாட்சம்பளத்தின்படி அது 1,350 ரூபாயாக இருந்தது. அதனால் பலர் ஞாயிற்றுக்கிழமைவரை பொறுக்கிறார்கள். அதற்குள் பொருக்குத் தட்டிவிடும். பிறகு வாங்கும் கிறீமில் காசு மட்டும்தான் கரையும்.

ஆகவே என் தீர்ப்பு இது: மலையில் வேலை செய்து, ஆண்டில் பலமுறை கொப்புளம் வருகிறவருக்குக் குளிசை, எப்போதாவது வருகிறவருக்கும் சிறுநீரக நோயாளிக்கும் கிறீம், எவருக்கும் வெயில் காலத்தில் சூரியத்தடுப்புப் பூச்சு உதட்டிலும். உங்களுக்கு அடிக்கடி வருமென்றால், உதடு நன்றாக இருக்கும் இந்த நாட்களிலேயே அரசாங்க ஆஸ்பத்திரியிலோ தோட்ட டிஸ்பென்சரியிலோ கேட்டு, டொக்டரின் சீட்டோடு மருந்தை முன்கூட்டியே வாங்கி லயத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்தில் மருந்து கொடுக்கும் பொறுப்பில் இருப்பவர்களும் இந்தக் கேள்வியை அற்பமென்று தள்ளாமல் உதவ வேண்டும்.