தமிழர் சைவ உணவு

இறைச்சி, மீன், முட்டை ஆகியவற்றை விலக்கி, தானியம், பருப்பு, காய், கீரை, கிழங்கு, பழம், பால், மோர், நெய் ஆகியவற்றைக் கொண்டு அமையும் உணவுமுறை தமிழகத்திலும் ஈழத்திலும் சைவ உணவு எனப்படும். மரக்கறி உணவு என்றும் வழங்குவர். இதற்கு மாறானதைத் தமிழகத்தார் அசைவம் என்பர். யாழ்ப்பாணத்தார் மச்சம் என்பர். பிறந்த குடியின் வழக்கமாக இம்முறையில் வளர்ந்தோர் சிலர். உயிரிரக்கத்தாலோ, நோன்பாலோ, உடல்நலம் கருதியோ வளர்ந்த பின் இதை மேற்கொண்டோர் பலர். இதன் வரலாற்றை நடத்திச் சென்றவர்கள் இந்த இரண்டாம் வகையினரே.

சங்க காலம்

சங்க நூல்கள் காட்டும் தமிழகத்தில் பெரும்பாலோர் புலால் உண்டனர். வேந்தர் பாணருக்கும் பொருநருக்கும் அளித்த விருந்தில் சுட்ட இறைச்சியும் கள்ளும் தவறாமல் இடம்பெற்றன. கரிகாலன் அவையில் இரவும் பகலும் ஊன் தின்று பல் மழுங்கியதைப் பொருநராற்றுப்படையின் பொருநன் மகிழ்ச்சியோடு சொல்கிறான். அந்தணரான கபிலர், தம் கை மென்மையாக இருப்பதற்கு ஊன்சோறு உண்டு பழகியதே காரணம் என்று புறநானூற்றில் வெளிப்படையாகக் கூறுகிறார். தமிழர் யாவரும் தொடக்கத்திலேயே புலால் மறுத்தவர் என்ற கூற்றும், அந்தணர் யாவரும் என்றும் மறுத்தே வந்தனர் என்ற கூற்றும் இச்சான்றுகளின் முன் நிற்கவில்லை.

எனினும் புலால் கலவாத அடுக்களையும் அன்றே இருந்தது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, தொண்டைநாட்டு வழியில் ஒவ்வொரு நிலத்து மக்களும் பாணனுக்கு இடும் உணவை வரிசையாகச் சொல்கிறது. அதில் அந்தணர் வீட்டு உணவு முழுக்க மரக்கறியே. நல்ல நெல்லின் சோறு. பசு மோரில் எடுத்த வெண்ணெயில் வெந்த மாதுளம் பிஞ்சு, அதில் மிளகுப் பொடியும் கறிவேப்பிலையும். உடன் மாவடு ஊறுகாய். சிறுபாணாற்றுப்படையிலோ வறுமையால் நேர்ந்த கீரை உணவு வருகிறது: குப்பையில் முளைத்த வேளைக் கீரையை உப்பில்லாமல் அவித்து, பிறர் கண்ணில் படாதபடி கதவை அடைத்துக்கொண்டு சுற்றத்தோடு உண்கிறாள் கிணைப்பறை முழக்கும் குடியைச் சேர்ந்த கிணைமகள். ஒரே காலத்தில் ஒரு வீட்டில் மரக்கறி விரும்பி உண்ணப்பட்டது. மற்றொரு வீட்டில் வேறு வழியின்றி உண்ணப்பட்டது.

சமணமும் குறளும்

புலால் மறுப்பைத் தனிமனிதர் தேர்ந்துகொள்ளும் அறமாகத் தமிழில் நிலைநாட்டியது சமணம். மதுரையை அடுத்த மாங்குளம் முதலிய குன்றுகளின் குகைத்தளங்களில், சமணத் துறவிகளுக்காக வெட்டப்பட்ட கற்படுக்கைகளும் தமிழி எழுத்துக் கல்வெட்டுகளும் உள்ளன. கிறித்து பிறப்பதற்கு முன்பே அவர்கள் இங்கு நிலைகொண்டிருந்ததற்கு அவை சான்று. அத்துறவிகளுக்கு ஊர்மக்களே உணவளித்தனர். துறவிக்கு இடும் உணவில் ஊன் கலக்கக்கூடாது என்பதால், இட்டவர் வீட்டு அடுப்பிலும் அந்த அறம் புகுந்தது.

திருக்குறளின் 26ஆம் அதிகாரம் புலால் மறுத்தல். 33ஆம் அதிகாரம் கொல்லாமை. நான் கொல்லவில்லை, விலைக்குத்தான் வாங்குகிறேன் என்பவருக்கு வள்ளுவர் தரும் விடை, பொருளியல் படித்தவரும் மறுக்க முடியாதது: தின்பவர் இல்லையென்றால் விற்பவரும் இருக்கமாட்டார். ஆயிரம் வேள்வி செய்வதைவிட ஓர் உயிரைக் கொன்று உண்ணாமை மேல் என்று கூறி, வேள்விக் கொலையையும் அவர் விலக்குகிறார். புலால் மறுத்தல் துறவறவியலில் வைக்கப்பட்டிருப்பதைக் கொண்டு, அது இல்லறத்தாருக்கு உரியதன்று என்பார் உண்டு. இது பொருந்தாது. சந்தையில் விலை கொடுத்து இறைச்சி வாங்குபவன் துறவி அல்லன். அந்தக் குறள் இல்லறத்தானை நோக்கியே பேசுகிறது.

பின்னர் எழுந்த நீலகேசி என்னும் சமணக் காப்பியம், உயிர்ப்பலி வேண்டிய பேய்மகள் ஒருத்தி முனிவரின் அறவுரையால் மாறியதைக் கதையாகக் கொண்டது. கொல்லாமையைப் போற்றிக்கொண்டே பிறர் கொன்ற ஊனை உண்ணலாம் என்ற பௌத்தர்களோடு அது நெடிய வாதம் செய்கிறது.

கண்ணகியின் அடுக்களை

ஒரு வீட்டின் மரக்கறிச் சமையலை அடுப்பு மூட்டுவது முதல் வெற்றிலை மடிப்பது வரை காட்டும் தமிழின் பழைய பகுதி, சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதை. சமணத் துறவி கவுந்தியடிகள் கோவலனையும் கண்ணகியையும் மதுரைப் புறஞ்சேரியில் ஆயர்மகள் மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். வந்தவர் சாவக நோன்பு, அதாவது இல்லறச் சமண நோன்பு, உடையவர், பகலில் உண்பவர் என்பதால், புதிய கலங்களும் பொருள்களும் விரைந்து தரப்படுகின்றன. பலாக்காய், வரியோடிய வெள்ளரிக்காய், மாதுளங்காய், மாம்பழம், வாழைப்பழம், சாலி அரிசி, பால்: ஆயர்குடி தந்த பட்டியல் இது. பெரும்பாணாற்றுப்படையில் வந்த மாதுளங்காய் இங்கும் வருகிறது. இரு நூலிலும் கறிக்கு உதவிய அந்தக் காய் இன்றைய தமிழ்ச் சமையலிலிருந்து அறவே மறைந்துவிட்டது, மீட்டெடுக்கத் தக்கது.

செல்வர் வீட்டில் வளர்ந்த கண்ணகி வளைந்த அரிவாளில் காய் அரிகிறாள், விரல் சிவக்கிறது. மாதரி மகள் ஐயை வைக்கோல் தீ மூட்ட, புகையில் கண்ணகியின் கண் சிவந்து முகம் வியர்க்கிறது. பனையோலைத் தடுக்கில் கோவலனை அமர்த்தி, தரையில் நீர் தெளித்து, குருத்து வாழையிலை விரித்துச் சோறு படைக்கிறாள். உண்டபின் வெற்றிலையும் பாக்கும் தருகிறாள். இலை போட்டுப் பரிமாறும் இந்த ஒழுங்கு இன்றும் மாறவில்லை. கணவன் உண்ட கடைசி உணவு இது என்பதால் உரையாசிரியர்கள் இப்பகுதியின் அவலத்தையே விரித்தனர். சமையல் வரலாற்றுக்கு இது தரும் சான்று அதற்குக் குறைந்ததன்று.

கல்வெட்டுகளில்

கோயில் படையல் மரக்கறியாக நிலைபெற்றதும் அதன் அளவுகள் கல்லில் ஏறின. சோழர் கல்வெட்டுகளில் பருப்பமுது, கறியமுது, நெய்யமுது, தயிரமுது, அடைக்காயமுது என்ற வரிசையைக் காணலாம். பாண்டியன் வரகுணனின் அம்பாசமுத்திரக் கல்வெட்டு காய்க்கறி, புளிங்கறி, புழுக்குக்கறி, பொரிக்கறி எனக் கறிகளையே வகைப்படுத்துகிறது. புளியிட்டது, அவித்தது, பொரித்தது என்ற இந்தப் பகுப்பின் மேல்தான் இன்றைய புளிக்குழம்பும் கூட்டும் பொரியலும் நிற்கின்றன. அப்போது காரத்துக்குப் பெரும்பாலும் மிளகே பயன்பட்டது. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு ஆகிய மூன்றும் அமெரிக்கக் கண்டத்தவை. ஐரோப்பியர் வருகைக்குப் பின்னரே இங்கு வந்தன. திவசச் சமையலில் இவற்றையும் முட்டைக்கோஸ், கேரட் போன்ற ‘இங்கிலீஷ் காய்’களையும் பல வீடுகள் இன்னும் சேர்ப்பதில்லை.

சைவ சமயமும் வள்ளலாரும்

சமணத்தை வாதில் வென்ற சைவம், அதன் உணவறத்தை மட்டும் தனதாக்கிக்கொண்டது. திருமந்திரத்தில் புலால் மறுத்தலுக்கும் கொல்லாமைக்கும் தனித்தனிப் பகுதிகள் உள்ளன. வாயில் சுவைத்துப் பார்த்த இறைச்சியைச் சிவனுக்குப் படைத்த கண்ணப்பரையும் பெரியபுராணம் போற்றுகிறது. ஆனால் போற்றப்படுவது அவர் அன்பே. பிற்காலத்தில் ஈழத்தில் ஆறுமுக நாவலரும் (1822–1879), தமிழகத்தில் மறைமலை அடிகளும் (1876–1950) புலால் மறுப்பைச் சைவரின் கடமையாக வலியுறுத்தினர். மறைமலை அடிகள் அதை வேளாளர் நாகரிகமாகவே எழுதினார். குடிப்பெருமையோடு இவ்வறம் பிணைக்கப்பட்டது அதற்கு நன்மை செய்யவில்லை. உண்பவரைத் தாழ்த்த உணவு கருவியானது.

அந்தப் பிணைப்பை அறுத்தவர் இராமலிங்க வள்ளலார் (1823–1874). சாதியும் சமயமும் வேண்டாம், பசித்த உயிருக்கு இரங்குவதே வழிபாடு என்றார். 1867இல் வடலூரில் அவர் தொடங்கிய சத்திய தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எல்லோருக்கும் சோறு ஆக்கித் தருகிறது. 1872இல் திறந்த சத்திய ஞான சபையினுள் கொலையும் புலாலும் தவிர்த்தவரே நுழையலாம் என்று விதித்த அவர், புலால் உண்பவருக்கும் பசி வந்தால் உணவிட்டே ஆகவேண்டும் என்றும் விதித்தார். செடிக்கும் உயிர் உண்டே என்ற வழக்கமான கேள்விக்கு, வித்தும் காயும் கனியும் கீரையும் கொள்வது உயிர்க்கொலை ஆகாது என்று ஜீவகாருண்ய ஒழுக்கம் என்னும் நூலில் விளக்கினார். அவர் வழியைப் பின்பற்றும் சன்மார்க்கத்தார் நாள்தோறும் கொள்ளும் கரிசாலை, தூதுவளை, முசுமுசுக்கை ஆகிய கீரைகள் அவர் பரிந்துரைத்தவை.

வகைகள்

பால் கொள்வது, முட்டை தவிர்ப்பது தமிழகத்தின் பொதுவழக்கு. பூண்டும் வெங்காயமும் விலக்குவோர், அவற்றை நோன்பு நாளில் மட்டும் விலக்குவோர், மண்ணுக்கடியில் விளையும் கிழங்குகளையும் இரவு உணவையும் விடும் சமணர் என உட்பிரிவுகள் பல. வந்தவாசி, ஆரணி வட்டாரத் தமிழ்ச் சமணர்களில் கதிரவன் மறையுமுன் உண்டு முடிக்கும் வழக்கம் இன்றும் உள்ளது. பாலையும் விடும் நனிசைவர் அண்மையில் தோன்றியோர்.

வீட்டுச் சமையல்

ஊன் இல்லாத குழம்புக்கு ஆழம் தருபவை புளி, வறுத்து அரைத்த மல்லியும் கடலைப்பருப்பும், நல்லெண்ணெய், பெருங்காயம், கடைசியில் விழும் தாளிப்பு. வெயிலில் உலர்த்திய சுண்டைக்காய், மணத்தக்காளி வத்தல்களை எண்ணெயில் கருக வறுத்துப் போட்டால் வத்தக்குழம்பு மூன்று நாள் தாங்கும். மெல்லுவதற்குத் திடமாக ஒன்று வேண்டுவோருக்குப் பருப்பு உருண்டைக் குழம்பும் சேனைக்கிழங்கு வறுவலும் பலாமூசுப் பிரட்டலும் உண்டு. திருநெல்வேலிச் சைவப் பிள்ளைமார் திருமணத்தின் மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்கு இடும் சொதி, தேங்காயின் முதற்பால், இரண்டாம் பால், மூன்றாம் பாலைத் தனித்தனியே பிழிந்து, பாசிப்பருப்பும் காய்களும் வேகவைத்துச் செய்வது. முதற்பால் ஊற்றியதும் கொதிக்கவிடாமல் இறக்க வேண்டும். இஞ்சிப் பச்சடி இல்லாமல் அதைப் பரிமாறுவதில்லை. கொங்கு நாட்டில் அரிசிம்பருப்புச் சாதமும் கொள்ளு ரசமும், செட்டிநாட்டில் அரிசி களைந்த நீரில் வைக்கும் வெண்டைக்காய் மண்டியும் பெயர் பெற்றவை. இச்சமையலை அளவோடு எழுதி, தாயில்லாத வீட்டிலும் சமைக்க வைத்த நூல் எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ (1951).

சோறும் பருப்பும் சேர்ந்தால் ஒன்றில் குறையும் அமினோ அமிலத்தை மற்றது ஈடுசெய்கிறது. கேழ்வரகு சுண்ணாம்புச் சத்தும் முருங்கைக்கீரை இரும்புச் சத்தும் மிக்கவை. கீரையில் எலுமிச்சை பிழிந்தால் இரும்பு உடலில் நன்கு சேரும். பி12 உயிர்ச்சத்து தாவரத்தில் கிடைக்காது. பால், தயிர் கொள்வோருக்கும் அது குறையலாம். பாலையும் விடுவோர் மாத்திரையாக எடுத்தே தீரவேண்டும்.

இம்முறையை மேற்கொள்வோர் பெரும்பாலும் வெள்ளி, செவ்வாய், அமாவாசையில் தொடங்கி, சஷ்டி விரதம், புரட்டாசி, ஐயப்பனுக்கு மாலையிடும் காலம் என்று நாளைக் கூட்டிச் செல்கின்றனர். வீட்டில் ஏற்கெனவே அரைத்து வைத்த குழம்புப் பொடியையே கத்தரிக்காய்க்கும் வாழைக்காய்க்கும் பயன்படுத்துவது எளிய வழி. நாக்குக்குப் பழகிய சுவை மாறாதவரை மன உறுதி தளர்வதில்லை.

இன்றைய நிலை

2014இல் எடுக்கப்பட்ட இந்திய அரசின் மாதிரிப் பதிவுக் கணிப்பின்படி தமிழகத்தில் 15 வயதுக்கு மேற்பட்டோரில் 97 விழுக்காட்டினர் அசைவம் உண்போர். எனினும் உடுப்பி ஓட்டல்களும் ‘பவன்’ எனப் பெயர் கொண்ட சைவ உணவகங்களும் ஊர்தோறும் உள்ளன, உறையிட்ட சைவ உணவுப் பொருள்களில் பச்சைப் புள்ளி கட்டாயம். வள்ளலார் நினைவு நாளான தைப்பூசத்தன்று தமிழகத்தில் இறைச்சிக் கடைகள் மூடப்படுகின்றன; நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் யாழ்ப்பாணத்தில் பல வீடுகளில் மச்சம் இல்லை. முழுமையாகப் புலால் மறுத்தோர் சிலரே என்றாலும், ஆண்டில் சில வாரங்கள் மறுப்போர் பெருந்தொகையினர். தமிழரின் மரக்கறிச் சமையல் இன்று நிலைத்திருப்பது இவர்களுடைய அடுக்களைகளில்தான்.