நார்மண்டியின் வயல்வெளி விமானத்தளங்கள், 1944

1944 ஜூன் 6 அன்று நேச நாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டிக் கரையில் இறங்கின. அடுத்த சில வாரங்களில் கரையை ஒட்டிய கோதுமை வயல்களிலும் மேய்ச்சல் நிலங்களிலும் தற்காலிக விமானத்தளங்கள் அடுத்தடுத்து எழுந்தன. அமெரிக்கர் அமைத்தவற்றுக்கு ‘ஏ’ என்றும் பிரித்தானியர் அமைத்தவற்றுக்கு ‘பி’ என்றும் எழுத்திட்டு எண் கொடுத்தனர். போர் வரலாறுகள் இவற்றைப் பொறியாளர்களின் பின்னணி வேலையாகவே பெரும்பாலும் கடந்துசெல்கின்றன. அது போதாது. தரைப்படை எந்த நிலத்தை எப்போது கைப்பற்ற வேண்டும் என்ற பூசலுக்கே இத்தளங்களின் தேவை வழிவகுத்தது.

தேவைக்கு அடிப்படை எரிபொருள். ஸ்பிட்ஃபயர் போன்ற போர்விமானங்கள் குறுகிய தூரம் பறக்க உருவானவை. தென் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டால் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து மீள்வதிலேயே எரிபொருளின் பெரும்பங்கு தீர்ந்துவிடும். போர்முனைக்கு மேல் சுற்றக் கிடைப்பது சிறிது நேரமே. ஆகவே ஜூன் 10 அன்றே, சென்ட்-குருவா-சுர்-மேர் என்னும் ஊரருகே அமைந்த பி-3 தளத்தில் கனடியப் படைப்பிரிவின் ஸ்பிட்ஃபயர்கள் எரிபொருள் நிரப்பிக்கொள்ள இறங்கின. சில நாள்களில் அப்பிரிவு அங்கேயே தங்கிப் பறக்கத் தொடங்கியது.

இவ்வேகத்துக்குக் காரணம் ஓடுபாதையின் மேற்பரப்பு. ஓடுபாதையை மூடப் பயன்பட்ட துளையிட்ட எஃகுப் பலகை ஒன்றின் எடை ஏறத்தாழ 30 கிலோ. நீளம் 3 மீட்டர், அகலம் 38 சென்டிமீட்டர். 1,500 மீட்டர் நீளமும் 36 மீட்டர் அகலமும் உள்ள பாதையை இதனால் மூட 46,000-க்கும் மேற்பட்ட பலகைகள், அதாவது சுமார் 1,400 டன் எஃகு வேண்டும். ஒவ்வொரு டன்னும் கடற்கரை வழியாகவே இறங்க வேண்டிய நாள்களில் இது பெருஞ்சுமை. எனவே தொடக்கத்தில் சுருளாக வந்த சதுரக் கம்பிவலை பெரிதும் பயன்பட்டது. தார் ஊட்டிய சணல் துணியும் இருந்தது. அதன் சுருளைக் கரைப்பானால் நனைத்தபடி இயந்திரம் தரையில் விரித்துக்கொண்டே செல்லும். புதர்வேலிகளை அகற்றி, நிலத்தைச் சமன்செய்து, அதன்மேல் இவற்றை விரித்தனர். நெடுங்காலம் நிலைக்க வேண்டும் என்ற நோக்கமே இல்லாததால்தான் நாள்கணக்கில் ஒரு தளம் தயாராயிற்று. தற்காலிகத்தன்மையை இத்தளங்களின் குறையாக எண்ணுவது தவறு. அவற்றின் வடிவமைப்பே அதுதான்.

பொறியாளர்கள் எவ்வளவு விரைந்தாலும் நிலத்தைப் பெருக்க முடியவில்லை. கான் நகரின் தென்கிழக்கே விரியும் திறந்த சமவெளி தளங்களுக்கு மிக ஏற்றது. படையெடுப்புத் திட்டமும் அதை நம்பியிருந்தது. ஆனால் கான் முதல் நாளில் விழவில்லை. நகரின் வடபகுதி ஜூலை 9 அன்றுதான் கைக்கு வந்தது. நகருக்கு அருகே போருக்கு முன்பே இருந்த கார்பிக்கே விமானநிலையத்துக்கும் அதுவரை கடும் சண்டை நடந்தது. கரையோரக் குறுகிய பரப்புக்குள் தளங்கள் நெருக்கியடித்தன. அவற்றுள் சில, ஜெர்மன் பீரங்கிகள் எட்டும் தூரத்துக்குள்ளேயே கிடந்தன. வான்படைத் தளபதி ஆர்தர் கானிங்ஹாமும் துணைத் தலைமைத் தளபதி ஆர்தர் டெடரும் தரைப்படையை நடத்திய மான்ட்கோமரியை இத்தாமதத்துக்காகக் கடுமையாகக் குறைகூறினர். பின்னாளில் இதைத் தளபதிகளின் ஆளுமை மோதலாகச் சித்திரித்தவர் பலர். ஆளுமைகள் மோதியது உண்மையே. ஆனால் வான்படையினரின் குறைக்கு அடியில் இருந்தது நில நெருக்கடி. அதைப் புறக்கணித்துவிட்டு அப்பூசலை விளக்க இயலாது.

எதிர்பாராத தொல்லை மண்ணிலிருந்தே வந்தது. அப்பகுதியின் மேல்மண் காற்றால் படிந்த மென்பொடி. மேற்புல்லைச் செதுக்கியதும், விமானங்களின் சுழலும் விசிறிகள் அதைப் புழுதியாகக் கிளப்பின. டைஃபூன் விமானத்தின் நேப்பியர் சேபர் இயந்திரம் அப்புழுதியில் விரைவாகத் தேய்ந்தது. காற்று வடிகட்டி பொருத்துவதற்காக அவ்விமானங்கள் இங்கிலாந்துக்குத் திரும்ப நேர்ந்தது. பாதைகளில் தண்ணீர் தெளிப்பது அன்றாட வேலையாயிற்று.

ஆகஸ்டில் ஜெர்மன் அணி உடைந்து போர்முனை கிழக்கே நகர்ந்ததும் இத்தளங்களின் பயன் முடிந்தது. செப்டம்பருக்குள் பெரும்பாலானவை கைவிடப்பட்டன. நிலம் உழவுக்குத் திரும்பினாலும் இழப்பின்றித் திரும்பவில்லை: அழிந்த புதர்வேலிகள் தலைமுறைகளாக வளர்க்கப்பட்டவை, கனரக இயந்திரங்கள் மண்ணை இறுக்கிவிட்டிருந்தன. எஞ்சிய எஃகுப் பலகைகளை உழவர்கள் வேலிக்குப் பயன்படுத்திக்கொண்டனர். கார்பிக்கே இன்றும் விமானநிலையமாக இயங்குகிறது. வயல்களில் அமைந்த தளங்கள் பலவற்றின் இடத்தை அங்கு நிறுவிய நினைவுக்கற்களே காட்டுகின்றன.